பிறந்தப்போ காது டெஸ்ட் பாஸ், 20 மாசத்துல ஒரு காது கேக்கலை. கர்ப்பத்துல வந்த வைரஸ்னு சொல்றாங்க

#1 நிலாமுற்றம்

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவனுக்கு 4 வயசு, சின்னவளுக்கு 20 மாசம். அவ பிறந்த மறுநாள் காது டெஸ்ட் எடுத்து, ரெண்டு காதும் பாஸ்னு ஒரு சீட்டு குடுத்தாங்க. அதைத் தடுப்பூசி நோட்டுக்குள்ள மடிச்சு வச்சேன். அதோட காதுங்கிற நினைப்பே எனக்குப் போயிடுச்சு.

முதல்ல கண்டுபிடிச்சது மூத்தவன்தான். "அம்மா, பாப்பா இந்தப் பக்கம் படுத்தா கதவை அடிச்சாலும் எழுந்துக்க மாட்டேங்குறா, அந்தப் பக்கம் படுத்தா எழுந்துக்குறா"ன்னான். விளையாட்டுப் பேச்சுன்னு விட்டுட்டேன். ஒரு வாரம் கழிச்சு நானே பார்த்தேன். இடது காது தலையணைக்குள்ள போற மாதிரி படுத்திருந்தா, பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் அசையலை. மறுநாள் வலது பக்கமா நின்னு பேர் சொன்னேன், இடது பக்கம் திரும்பித் தேடுறா. அப்பதான் வயித்துல புளியைக் கரைச்சுச்சு.

பெரா டெஸ்ட் எடுத்தோம், சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் பதில் குடுக்குதான்னு பார்க்கிறது. வலது காதுல 75 டெசிபல் வரைக்கும் பதில் இல்லை. இடது இப்போதைக்கு நல்லா இருக்கு. அந்த "இப்போதைக்கு"ங்கிறதை டாக்டர் ரெண்டு தடவை சொன்னார். கர்ப்பத்துல காய்ச்சல் வந்ததான்னு கேட்டார். மூணாம் மாசத்துல ரெண்டு நாள் உடம்பு வலி, தொண்டை கரகரப்பு, அவ்வளவுதான். சிஎம்வி, அதாவது சைட்டோமெகலோ வைரஸா இருக்கலாம், ஆனா இப்போ டெஸ்ட் எடுத்து உறுதியா சொல்ல முடியாதுன்னுட்டார்.

என் கேள்விகள்: பாஸ்னு சீட்டு குடுத்தாங்களே, அது பொய்யா? இடது காதும் போயிடுமா? கடைசியா, வெளியில யாருகிட்டயும் கேக்க முடியாதது: இது என்னாலயா? மூத்தவன் மிச்சம் வச்சதை எல்லாம் நான்தான் அதே ஸ்பூன்ல சாப்பிடுவேன். மாமியார் நேரடியா ஒண்ணும் சொல்லலை. "எங்க பக்கம் யாருக்கும் காது இப்படி இல்லை"ன்னு ஒரே ஒரு வார்த்தைதான். அது போதுமே.

#2 காதொலி

நிலா, நான் ஆடியாலஜிஸ்ட். 14 வருஷமா குழந்தைகளோட காதுதான் என் பிழைப்பு. உங்க கேள்விகளைக் கொஞ்சம் வரிசை மாத்திச் சொல்றேன்.

சீட்டு பொய் இல்லை. பிறந்த குழந்தைக்கு எடுக்கிற டெஸ்ட்ல காதுக்குள்ள ஒரு மெத்துன்னு முனையை வச்சு டிக் டிக்னு சின்ன சத்தம் அனுப்புவோம். உள்காதுல இருக்கிற மயிர் செல்கள் ஆரோக்கியமா இருந்தா அதுக்கு ஒரு மெல்லிய எதிரொலி திரும்பி வரும். அது வந்தா பாஸ். அதாவது அன்னிக்கு அந்தக் காது வேலை செஞ்சுது. அடுத்த வருஷம் என்ன ஆகும்னு அந்த மெஷினுக்குத் தெரியாது. சிஎம்வியோட குணமே அதுதான். பிறக்கும்போது சரியா இருந்த காது மாசங்கள், சில சமயம் வருஷங்கள் கழிச்சு மெல்ல இறங்கும். ஒரே காதுல வரலாம். ஏறி இறங்கவும் செய்யும், போன மாசத்தை விட இந்த மாசம் நல்லா கேக்குதேன்னு அம்மாக்கள் குழம்பிப் போவாங்க.

ஏன் காதைத் தேடிப் போகுதுன்னு கேப்பீங்க. உள்காதுல நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கு. அதோட ஓரத்துல ரத்த நாளம் நிறைஞ்ச ஒரு பட்டை. உள்ளே இருக்கிற திரவத்துல பொட்டாசியத்தை உயர்ந்த அளவுல வச்சிருக்கிறது அதோட வேலை. பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற மாதிரின்னு வச்சுக்கோங்க. வைரஸ் அந்தப் பட்டையிலயும் பக்கத்து செல்கள்லயும் குடியேறுது. சார்ஜ் குறையக் குறைய மயிர் செல்கள் ஒண்ணொண்ணா சோர்ந்து போகுது.

டாக்டர் உறுதியா சொல்ல முடியாதுன்னது சரிதான். குழந்தை பிறந்து 21 நாளுக்குள்ள எச்சில்லயோ சிறுநீர்லயோ வைரஸ் இருந்தா, வயித்துக்குள்ளயே வந்ததுன்னு அர்த்தம். அந்தக் கெடு தாண்டிட்டா, பிறந்த பிறகு தாய்ப்பால்லயோ வேற குழந்தைகிட்டயோ தொத்தினதா இருக்கலாம். அப்படி வந்தது காதைக் கெடுக்கறதில்லை. 20 மாசக் குழந்தைக்கு இப்போ டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ் வந்தா, எப்போ வந்ததுன்னு சொல்ல முடியாது.

ஆனா ஒரு வழி இருக்கு. பிறந்தப்போ குதிகால்ல குத்தி, அட்டையில சொட்டுச் சொட்டா ரத்தம் எடுத்தாங்களா? அந்த அட்டையைச் சில இடங்கள்ல வருஷக்கணக்கா வச்சிருப்பாங்க. காய்ஞ்ச அந்த ரத்தப்பொட்டுல வைரஸ் இருக்கான்னு இப்பவும் பார்க்கலாம். பிறந்த ஆஸ்பத்திரியில இன்னிக்கே கேளுங்க.

உங்களாலயாங்கிற கேள்விக்கு ராத்திரி வந்து எழுதுறேன், வெளியே ஆள் காத்திருக்காங்க.

#3 அவசரக்குடுக்கை

இதெல்லாம் கொஞ்சம் ஓவரா தெரியலையா? எங்க ஆச்சி எட்டுப் பிள்ளை பெத்தாங்க, ஒரு டெஸ்டும் இல்லை. எல்லாருக்கும் காது டாண் டாண்னு கேக்குது. புதுசு புதுசா வைரஸ் பேரைச் சொல்லிப் பயமுறுத்துறதே பொழப்பாப் போச்சு.

#4 பழைய வானொலி

தம்பி அவசரக்குடுக்கை, புதுசு ஒண்ணும் இல்லை. உங்க ஆச்சி காலத்துலயும் இருந்தது, பேர்தான் தெரியாது. "பிறவியிலேயே அப்படி"ன்னு சொல்லி முடிச்சுட்டாங்க.

கர்ப்பத்துல வர்ற ஒரு வைரஸ் பிள்ளையோட உடம்பைப் பாதிக்கும்னு உலகம் நம்பினதே 1941-க்கு அப்புறம்தான். ஆஸ்திரேலியாவுல சிட்னியில நார்மன் கிரெக்னு ஒரு கண் டாக்டர். திடீர்னு கண்புரையோட பச்சைக் குழந்தைகளா வந்துட்டே இருக்கு. கிழவர்களுக்கு வர்ற நோய் இதுங்களுக்கு எப்படின்னு அவருக்கு ஆச்சரியம். அம்மாக்களை விசாரிச்சா, முந்தின வருஷம் ருபெல்லா, அதாவது ஜெர்மன் தட்டம்மை, பரவினப்போ பெரும்பாலானவங்களுக்கு அது வந்திருக்கு, அதுவும் கர்ப்பத்தோட ஆரம்பத்துல. 78 குழந்தைகளைப் பத்தி எழுதினார். நிறைய பேர் நம்பலை, லேசான தடிப்புக் காய்ச்சல் இவ்வளவு பண்ணுமான்னு கேட்டாங்க. காது விஷயம் அந்த முதல் கட்டுரையில இல்லை. ரெண்டு மூணு வருஷத்துல அடிலெய்டுல சார்ல்ஸ் ஸ்வானும் கூட இருந்தவங்களும் தேடிப் பார்த்தப்போதான், காதும் அடிபட்டிருக்குன்னு தெரிஞ்சது. கண்புரை பார்த்தவுடனே தெரியும். காது கேளாதது பிள்ளை பேச வேண்டிய வயசு வந்தாதானே தெரியும்?

1964-65ல அமெரிக்காவுல ருபெல்லா பெரிய அலையா வந்தது. ஏறக்குறைய 20,000 குழந்தைங்க பாதிப்போட பிறந்தாங்க, அதுல 11,000-க்கு மேல காது கேளாதவங்க. காது கேளாதோர் பள்ளிகள்ல ஒரே வயசுப் பிள்ளைங்க குவிஞ்சு, இருக்கிற வகுப்பு பத்தலை. அந்தத் தலைமுறையை "ருபெல்லா வீக்கம்"னே சொல்வாங்க. 1969-ல தடுப்பூசி வந்தது. 2015-ல அமெரிக்கக் கண்டங்கள் முழுக்க உள்ளூர்ப் பரவல் நின்னு போச்சுன்னு அறிவிச்சாங்க.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும்னா, என் தங்கச்சி. அவளுக்கு ரெண்டு காதும் கேக்காது. அம்மாவுக்குக் கர்ப்பத்துல உடம்பெல்லாம் செந்தடிப்பு வந்து மூணே நாள்ல மறைஞ்சதாம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சப்போ தங்கச்சிக்கு 31 வயசு.

#5 காதொலி

பழைய வானொலி ஐயாவுக்கு நன்றி. ஒண்ணு சேர்த்துக்கறேன். ருபெல்லாவுல எந்த வாரத்துல வந்ததுங்கிறதுதான் எல்லாமே. முதல் 12 வாரத்துக்குள்ள வந்தா பத்துல எட்டு ஒம்பது குழந்தைகளுக்குப் பாதிப்பு, கண்ணு, இதயம், காது எல்லாம் சேர்ந்து. 13-ல இருந்து 16 வாரம்னா பெரும்பாலும் காது மட்டும். 20 வாரம் தாண்டிட்டா பாதிப்பு அபூர்வம். ருபெல்லாவுக்கும் சேர்த்துப் போடற எம்எம்ஆர் தடுப்பூசியில இருக்கிறது உயிருள்ள வைரஸ், அதனால கர்ப்பத்துல போடறதில்லை. போட்டுட்டு ஒரு மாசம் கழிச்சுக் கருத்தரிக்கச் சொல்வோம். தெரியாம கர்ப்பத்துல போட்டுட்டாலும் கலைக்க வேண்டியதில்லை, ஊசியால இந்தப் பாதிப்போட குழந்தை பிறந்ததா இல்லை. இதைக் கேட்டு வாரம் ஒரு தகவல் எனக்கு வருது, அதனால இங்கயே போட்டு வைக்கிறேன்.

இப்ப நிலா, உங்க கேள்வி.

சிஎம்வி ரொம்பச் சாதாரணமான வைரஸ். வந்து போனதே பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது. எங்க அதிகம் இருக்கும்னா, ஒண்ணுல இருந்து மூணு வயசுப் பிள்ளைங்களோட எச்சில்லயும் சிறுநீர்லயும். நல்லா ஓடியாடி விளையாடிட்டே மாசக்கணக்கா வெளியே விட்டுட்டு இருப்பாங்க. முகத்துல எந்த அடையாளமும் இருக்காது. அப்படி ஒரு பிள்ளை வீட்டுல இருக்கும்போது ரெண்டாவது கர்ப்பம் வர்றதுதானே உலக வழக்கம்?

ஸ்பூனைப் பகிராம இருந்தா, ஜட்டி மாத்தின பிறகு சோப்பு போட்டுக் கை கழுவினா, உதட்டுக்குப் பதிலா நெத்தியில முத்தம் குடுத்தா தொத்துற வாய்ப்பு குறையும். உண்மை. ஆனா அதை உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா? ஸ்கேன் தேதி சொன்னாங்க, மாத்திரை சொன்னாங்க, எடை பார்த்தாங்க. ஸ்பூனைப் பத்தி யாரும் சொல்லலை. சொல்லாத ஒண்ணை மீறினதா எப்படி ஆகும்? கோபம் வந்தா அந்தப் பக்கம் வரட்டும், உங்க மேல வேண்டாம்.

மாமியார்கிட்ட ஒண்ணு சொல்லலாம்: இது வம்சத்துல வர்றதில்லை. (மரபணுவால வர்ற காது கேளாமையும் உண்டு. அதுல கூட பெரும்பாலும் அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் நல்லா கேக்கும், ஆளுக்குப் பாதி குடுத்திருப்பாங்க. அந்த வாதத்துக்குள்ள இப்போ போகவேண்டாம்!)

#6 மல்லாந்த ஆமை

என் மனைவிக்கு இப்போ 11 வாரம். போன தடவை கலைஞ்சதால இந்தத் தடவை டார்ச் டெஸ்ட், அதாவது கர்ப்பத்துல குழந்தையைப் பாதிக்கிற தொற்றுகளுக்கான ரத்த டெஸ்ட், எடுக்கச் சொன்னாங்க. சிஎம்விக்கு ஐஜிஎம்ங்கிற எதிர்ப்பொருள் பாசிட்டிவ். ரிப்போர்ட் குடுத்தவங்க "குழந்தை ஊனமா பிறக்கும், யோசிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்க. மூணு நாளா வீட்டுல யாரும் சரியா சாப்பிடலை. இந்த இழை கண்ணுல பட்டுச்சு. என்ன செய்யணும்?

#7 இரண்டாம் ஷிஃப்ட்

ஆமை, நான் பிரசவ வார்டுல டாக்டர். நேர்ல பார்க்காம உங்க மனைவிக்கு இதுதான்னு சொல்ல மாட்டேன், ஆனா பொதுவா உள்ள விஷயத்தைச் சொல்லியே ஆகணும்.

ஐஜிஎம் பாசிட்டிவ் ஒண்ணை மட்டும் வச்சு ஒரு முடிவும் எடுக்காதீங்க. புதுசா தொத்தினாலும் வரும், தொத்தி மாசக்கணக்கு ஆனாலும் சிலருக்கு அப்படியே நிக்கும், வேற வைரஸ் வந்தப்பவும் பொய்யா காட்டும். அடுத்தது ஐஜிஜிங்கிற இன்னொரு எதிர்ப்பொருள், அதோட அவிடிட்டி. எதிர்ப்பொருள் வைரஸை எவ்வளவு கெட்டியா பிடிக்குதுன்னு பார்க்கிற டெஸ்ட் அது. புதுசா உருவானது லூசா பிடிக்கும், நாள் ஆக ஆகப் பிடி இறுகும். முதல் மூணு மாசத்துக்குள்ள எடுத்து அவிடிட்டி கூடுதலா இருந்தா, கர்ப்பத்துக்கு முன்னாடியே வந்து போனதுன்னு கிட்டத்தட்டச் சொல்லிடலாம். உங்களுக்கு 11 வாரம்தான், சரியான நேரம். இந்த வாரமே எடுங்க.

புதுசுன்னே வச்சுக்கிட்டாலும், குழந்தைக்குப் போறது ஏறக்குறைய மூணுல ஒண்ணு. போன குழந்தைகள்லயும் பெரும்பாலானவங்க நல்லாவே இருக்காங்க. பிறக்கும்போது எந்த அறிகுறியும் இல்லாதவங்க பத்துல ஒம்பது. அறிகுறி இல்லாதவங்கள்ல பத்துல ஒருத்தருக்குக் கொஞ்சம் மேலதான் பின்னாடி காது பாதிப்பு வரும். 20 வாரத்துக்கு மேல பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம், கூடவே தொடர் ஸ்கேன். "ஊனமா பிறக்கும்"னு ஒரு சீட்டைப் பார்த்துச் சொன்னவர் அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

#8 வெண்பா_படிப்பவள்

2020-ல இஸ்ரேல்ல ஒரு ஆய்வு வந்ததே? வலசைக்ளோவிர்ங்கிற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அம்மாவுக்குக் குடுத்தா குழந்தைக்குப் போறது குறையுதுன்னு. அதை ஏன் எல்லாருக்கும் குடுக்கலை?

#9 இரண்டாம் ஷிஃப்ட்

ஆமா, நல்ல ஆய்வு, ஆனா சின்ன ஆய்வு. கருத்தரிச்ச சமயத்துலயோ முதல் மூணு மாசத்துலயோ புதுசா தொத்தினவங்களுக்குத் தினமும் 8 கிராம். குழந்தைக்குப் போனது 30 சதவீதத்துல இருந்து 11 சதவீதமா குறைஞ்சது. 8 கிராம்னா ஒரு கைப்பிடி மாத்திரைங்க, அது சிறுநீரகத்தைத் தொடுதான்னு பார்த்துட்டே இருக்கணும். உறுதியாத் தெரிஞ்சவங்களுக்குச் சில நாடுகள்ல குடுக்கிறாங்க. எல்லாருக்கும்னா, முதல்ல எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாகணும். அங்கதான் சண்டையே.

#10 வெண்பா_படிப்பவள்

எடுக்கட்டுமே, என்ன சண்டை? சர்க்கரைக்கு எடுக்கிறோம், சிபிலிஸ்ங்கிற பால்வினை நோய்க்கு எடுக்கிறோம். இதுக்கு எடுத்தா என்ன?

#11 இரண்டாம் ஷிஃப்ட்

சிபிலிஸ் வேற கதைங்க. பாசிட்டிவ் வந்தா பென்சிலின் ஊசி, தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து வேலை முடிஞ்சது. டெஸ்ட் எடுத்தா பலன் கையில தெரியும். எடுக்காம விட்டா பிள்ளைக்கு எட்டு பத்து வயசுல கூட காது போகும். பல்லு நுனியில பள்ளம், கண்ணுல வீக்கம், காது கேளாமை, மூணும் சேர்ந்து வர்றதை 19-ஆம் நூற்றாண்டுலயே ஹட்சின்சன்னு ஒரு டாக்டர் எழுதி வச்சார், அவர் பேராலயே அதைச் சொல்றாங்க. வெக்கப்பட்டு அந்த டெஸ்டை வேண்டாம்னு சொல்றவங்களை இன்னிக்கும் பார்க்கிறேன்.

சிஎம்வில, ஏற்கனவே வந்து எதிர்ப்பொருள் இருக்கிறவங்களுக்கும் பழைய வைரஸ் கிளம்பலாம், இல்லைன்னா வேற ரகம் தொத்தலாம். அப்போ குழந்தைக்குப் போற வாய்ப்பு நூத்துல ஒண்ணுதான். ஆனா பெரும்பாலான பெண்களுக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருக்கிற ஊர்கள்ல, பாதிப்போட பிறக்கிற குழந்தைங்கள்ல அதிகம் பேரு இந்த வழியாத்தான் வர்றாங்க. "உங்களுக்கு ஏற்கனவே வந்துடுச்சு, கவலை இல்லை"ன்னு ஒரு டெஸ்ட் சொன்னா அதுவும் முழு உண்மை இல்லை. இப்போ ஆமை வீட்டுல நடந்ததைப் பாருங்க, ஒரு தெளிவில்லாத ரிப்போர்ட் மூணு நாள் சோத்தை நிறுத்திடுச்சு.

#12 காதொலி

டாக்டர் சொல்றதை ஒத்துக்கறேன், பாதி. தாய்க்கு எடுக்கிறதுல குழப்பம் இருக்கு. குழந்தைக்கு எடுக்கிறதுல என்ன குழப்பம்? 200 குழந்தைக்கு ஒண்ணு இந்த வைரஸோட பிறக்குது, சில நாடுகள்ல இன்னும் கூடுதல். கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல 2019-ல இருந்து எல்லாக் குழந்தைக்கும் அதே குதிகால் ரத்தப்பொட்டுல பார்க்கிறாங்க. அமெரிக்காவுல மினசோட்டா 2023-ல ஆரம்பிச்சது. இதுக்குன்னு தனியா ஊசி குத்தத் தேவையில்லை, ஏற்கனவே எடுத்த சொட்டுதான்.

அதுவும் கூடாதுன்னா, குறைஞ்சபட்சம் காது டெஸ்ட்ல ஃபெயில் ஆன குழந்தைகளுக்காவது 21 நாளுக்குள்ள எச்சில் எடுக்கலாமே. தாய்ப்பால் குடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு, கன்னத்துக்குள்ள ஒரு பஞ்சுக்குச்சி. பாசிட்டிவ்னா சிறுநீர்ல உறுதிப்படுத்தணும். என்ன நடக்குதுன்னா, முதல் டெஸ்ட் ஃபெயில், "காதுல அழுக்கு இருக்கும், ஒரு மாசம் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பிடுவாங்க. ஒரு மாசம் கழிச்சு வந்தா 21 நாள் போயிருக்கும். நான் பார்த்த இழப்புல பாதி அந்த "ஒரு மாசம் கழிச்சு வாங்க"வுலதான். அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட அப்படிச் சொன்னா, "சரி, வர்றோம், ஆனா இன்னிக்கே எச்சில் எடுத்துடுங்க"ன்னு கேளுங்க. கேட்டா கோபப்படுவாங்க. பரவாயில்லை.

#13 இரண்டாம் ஷிஃப்ட்

குழந்தைக்கு எடுக்கிறதுக்கு நான் எதிரி இல்லை. ரத்தப்பொட்டுல நெகட்டிவ் வந்தா இல்லைன்னு அர்த்தமில்லைங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும், அவ்வளவுதான். அந்தச் சொட்டுல வைரஸ் கம்மி, நழுவிடும்.

மருந்து பத்தி யாரும் சொல்லலையே. வால்கான்சைக்ளோவிர்ங்கிற வைரஸ் எதிர்ப்பு சிரப், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ஆறு மாசம். அறிகுறியோட பிறந்த குழந்தைகளுக்கு, முதல் மாசத்துக்குள்ள ஆரம்பிச்சா காது கேக்கறதுலயும் வளர்ச்சியிலயும் நல்லது செய்யுதுன்னு 2015-ல வந்த ஆய்வு காட்டிச்சு. மூணு மாசம் வரைக்கும் ஆரம்பிக்கிற டாக்டர்களும் உண்டு. வெள்ளை அணுக்கள் குறையும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துட்டே குடுக்கணும். நிலாவோட குழந்தை வயசுல குடுத்து பலன் வந்ததா நிரூபணம் இல்லை. யாராவது இப்போ குடுக்கலாம்னு சொன்னா ஏன்னு கேளுங்க.

#14 அவசரக்குடுக்கை

வீட்டுல பூனை இருக்கு. அதுலயும் ஏதோ வரும்னு சொல்வாங்களே? வீட்டம்மா அஞ்சாம் மாசம், பூனையை விரட்டணுமா? (கிண்டலா கேக்கலை. மேல எழுதினதுக்கு மன்னிக்கணும், ரெண்டு நாளா எல்லாத்தையும் படிச்சேன்.)

#15 காதொலி

விரட்ட வேண்டாம். அது டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி. பூனையோட மலத்துல, தோட்ட மண்ணுல, சரியா வேகாத இறைச்சியில இருக்கும். பூனை அசிங்கத்தை நீங்க அள்ளுங்க, தினமும். ஒரு நாளைக்கு மேல கிடந்தாதான் தொத்துற நிலைக்கு வரும். மண்ணைத் தொட்டா வீட்டம்மா கையுறை போட்டுக்கட்டும். டாக்ஸோவுல முக்கியமா அடிபடறது கண்ணுதான், காதும் கொஞ்சம்.

#16 மூன்றாம் பெஞ்ச்

இத்தனை பேர் காதைப் பத்திப் பேசுகிறீர்கள், காது கேளாத ஒருவர்கூட இன்னும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

எனக்கு இரண்டு காதும் பிறவியிலிருந்தே கேட்காது. அம்மாவுக்கு ருபெல்லா. ஐந்து வயது வரை எனக்கு எந்த மொழியும் கிடையாது. பேச வராது என்பதைச் சொல்லவில்லை. "நாளைக்கு" என்றால் என்ன என்றே தெரியாது. அப்பா வெளியே கிளம்பினால் திரும்பி வருவார் என்று எனக்கு யாரும் சொல்ல முடியாது, அதனால் ஒவ்வொரு காலையும் கதவைப் பிடித்துக்கொண்டு அலறுவேன். ஐந்து வயதில் பள்ளியில் சைகை மொழி கற்றேன். முதல் வாரத்தில் ஒரு டீச்சர் விரலால் "அப்பா, போகிறார், வேலை, மாலை, வருகிறார்" என்று காட்டினார். அன்றைக்குப் பிறகு நான் அலறவில்லை.

நிலா அவர்களே, உங்கள் மகளுக்கு ஒரு காது நன்றாகக் கேட்கிறது, பேச்சு வரும். ஆனாலும் இப்போதே நாலு சைகை வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். இடது காதும் ஒருநாள் மங்கினால் அவள் மொழி அறுந்து போகாது. மங்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. சைகை கற்றால் பேச்சு வராது என்று யாராவது பயமுறுத்துவார்கள். என் தம்பி மகள், காது கேட்கிறவள், என்னோடு சைகையும் வீட்டில் பேச்சுமாக வளர்ந்தாள். வாயை மூடவே மாட்டாள் என்கிறார்கள்.

#17 பழைய வானொலி

மூன்றாம் பெஞ்ச், அந்தக் கதவை நானும் பார்த்திருக்கேன். எங்க வீட்டுல அதைப் பிடிச்சுட்டு நின்னது என் தங்கச்சி.

#18 நிலாமுற்றம்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. 16-ஐ வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் உரக்கப் படிச்சுக் காட்டினேன். மாமியார் ஒண்ணும் பேசலை. ராத்திரி பாப்பாவைத் தூங்க வைக்கிறப்போ, நான் சொல்லாமலே, நல்ல காது மேல பார்க்கிற மாதிரி திருப்பிப் படுக்க வச்சாங்க.

ரத்தப்பொட்டு அட்டை இருந்தது! தேட மூணு வாரம் ஆச்சு, மனுமேல மனு. ரிசல்ட் நேத்து வந்தது. சிஎம்வி பாசிட்டிவ். அழுதேன், ஆனா என்னன்னு தெரிஞ்சு போச்சேங்கிறதுல ஒரு நிம்மதியும் இருக்கு. அவ லேட்டா நடந்ததுக்கும், நடக்கிறப்போ ஒரு பக்கமா சாயறதுக்கும் இதுதான் காரணமா இருக்கலாமா?

#19 காதொலி

இருக்கலாம். சமநிலையைப் பார்த்துக்கிற உறுப்பும் அதே உள்காதுலதான் இருக்கு. சிஎம்வி குழந்தைகளுக்கு அதுவும் அடிபடறது உண்டு, காது ரிப்போர்ட் பார்க்கிற அவசரத்துல அதை யாரும் பார்க்கறதில்லை. தலை நிக்க, உக்கார, நடக்க லேட்டானா, இருட்டுல தடுமாறினா, பிசியோதெரபிஸ்ட் கிட்ட காட்டுங்க. தண்ணி பக்கம் தனியா விடாதீங்க, முங்கினா மேல எது கீழ எதுன்னு தெரியாம போகும். கண்ணையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

வலது காதுக்கு ஹியரிங் எய்டு போட்டுப் பாருங்க. 75-80னா இன்னும் பிடிக்கிற அளவு மிச்சம் இருக்கு. அது போதாம போனா, உள்காதுல ஆபரேஷன் பண்ணி வைக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி பத்தி அப்போ பேசலாம். இடது காதை இப்போதைக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, பள்ளிக்கூடம் சேர்ற வயசு வரைக்கும் பார்க்கணும். நடுவுல சளி பிடிச்சு நடுக்காதுல நீர் கோத்தாலும் உடனே வாங்க. ரெண்டு காது உள்ளவங்களுக்கு அது சின்ன விஷயம், அவளுக்கு இருக்கிறதே ஒண்ணு.

#20 மல்லாந்த ஆமை

அவிடிட்டி வந்தது. கூடுதல். டாக்டர் "பழசு, போய் நல்லா தூங்குங்க"ன்னார். இரண்டாம் ஷிஃப்ட் டாக்டருக்கு எங்க வீட்டுல எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுறோம்.

#21 நிலாமுற்றம்

ஆமை, ரொம்ப சந்தோஷம்.

காதொலி அக்கா, ஒரு சந்தேகம். அடுத்த பெரா வியாழக்கிழமை. போன தடவை மயக்க மருந்து குடுத்துதான் எடுத்தாங்க, எழுந்ததுக்கு அப்புறம் நாள் முழுக்க வாந்தி. மருந்து இல்லாம எடுக்க முடியுமா? அவ தூங்குற ரகமே இல்லை.

#22 காதொலி

முடியும், கொஞ்சம் மெனக்கெடணும். முதல்ல ஃபோன் பண்ணி மதியத் தூக்க நேரத்துக்கு மாத்திக் கேளுங்க. அன்னிக்குக் காலையில வழக்கத்தை விட ரெண்டு மணி நேரம் முன்னாடி எழுப்பிடுங்க. வர்ற வழியில வண்டியில தூங்க விடாதீங்க, அதுதான் எல்லாரும் கோட்டை விடற இடம். மூத்தவனைக் கூடக் கூட்டிட்டு வாங்க, வழி முழுக்க பேச்சுக் குடுத்து முழிக்க வச்சுப்பான். வயிறு நிறையக் குடுக்கிறதை உள்ளே வந்து, நெத்தியில ஒட்டுறதை எல்லாம் நாங்க ஒட்டின பிறகு குடுங்க. அவ தினமும் கட்டிப் பிடிச்சுத் தூங்குற துணி எதுவோ அதையும் துவைக்காம எடுத்துட்டு வாங்க. தூங்கினதும் இடது காதைத்தான் முதல்ல எடுக்கச் சொல்லுங்க. நடுவுல எழுந்துட்டா வலதை இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.